பிக்கப்புக்கு அடியில் என்ன சத்தம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மெக்கானிக் இல்லை. பல வருடங்களாக ஒரு பழைய பிக்கப்பை ஓட்டிக்கொண்டும், அவ்வப்போது அதன் அடியில் படுத்துக்கொண்டும் இருக்கிறவன், அவ்வளவுதான். "அடியில ஏதோ சத்தம் வருது, என்னன்னே தெரியல" என்று ஆரம்பிக்கும் கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. எங்கே தேட ஆரம்பிப்பது?

முதலில் அடியில் போய்ப் படுக்காதீர்கள். "எங்கே" என்ற கேள்வியோடு தேட ஆரம்பிக்கிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள். பிக்கப்புக்கு அடியில் முன்னாலிருந்து பின்னால் வரை இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. கேபின், லோடு பாடி, இன்ஜின், ஸ்பிரிங், சைலன்சர், டேங்க் எல்லாம் அந்தச் சட்டத்தோடுதான் மாட்டியிருக்கின்றன. சத்தம் காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும், இரும்பிலோ 5,000 மீட்டர் அளவுக்குப் போகும். பின் சக்கரத்தருகே ஒரு போல்ட் தட்டினால் அது சட்டம் வழியாக ஓடிவந்து உங்கள் சீட்டுக்கு நேர் கீழேயே தட்டுகிற மாதிரி கேட்பது இதனால்தான். இடத்தைப் பொறுத்தவரை காதை நம்ப முடியாது, நேரத்தைப் பொறுத்தவரை நம்பலாம். எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பிடித்துவிட்டால் தேட வேண்டிய இடம் தானாகவே சுருங்கிக்கொண்டு வரும்.

நீங்களே இப்படி ஏமாந்திருக்கிறீர்களா?

ஏமாந்தேன், நன்றாகச் செலவும் செய்தேன். வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் பின்னால் "டொம்" என்று ஒரு சத்தம். ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன், ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றார்கள். இரண்டையும் மாற்றினோம். வண்டி முன்பைவிட மெத்தென்று போனது, "டொம்" மட்டும் அப்படியே இருந்தது. அப்புறம் ஸ்பிரிங் புஷ்களையும் (ஸ்பிரிங்கின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் வளையங்கள்) மாற்றினோம், அப்போதும் அதே கதை. ஒருநாள் கீழே விழுந்த சாவியை எடுக்கக் குனிந்தவன், பின்னால் அடியில் தொங்கும் ஸ்டெப்னியில் கையை ஊன்றினேன். அது ஆடியது. சத்தம் ஆரம்பித்ததற்கு முந்தைய நாள் பஞ்சர் ஆகி, கொட்டுகிற மழையில் டயரை மாற்றிவிட்டு, பழைய டயரைத் தூக்கி மாட்டும் கேபிளை முழுக்க இறுக்காமல் விட்டது வேறு யாரும் இல்லை, நான்தான்.

"கடைசியாக வண்டியில் என்ன வேலை நடந்தது?" என்று ஒர்க்‌ஷாப்பில் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது யார் சத்தம் என்று சொன்னாலும் நான் முதலில் கேட்பது அதைத்தான். டயர் கழற்றினீர்களா, பிரேக் வேலை பார்த்தீர்களா, ஆயில் மாற்றும்போது அடித்தட்டைக் கழற்றி மாட்டினார்களா, கரடுமுரடான பாதையில் போய் வந்தீர்களா, லோடு பாடியில் புதிதாக எதையாவது போட்டீர்களா? அத்தோடு இன்னொன்று: தேடுவதற்கு முன் கேபினையும் லோடு பாடியையும் காலி செய்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சீட்டுக்குப் பின்னால் கிடக்கும் ஜாக்கி கம்பி, டூல் பெட்டி, கதவுப் பையில் உருளும் ஒரு நட்டு, இவை அடியிலிருந்து வருகிற மாதிரியே சத்தம் போடும்.

"எப்போது" என்றால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

இன்ஜின் வேகத்தோடு மாறுகிறதா, வண்டியின் வேகத்தோடு மாறுகிறதா, இரண்டும் இல்லாமல் பள்ளம் மேட்டில் மட்டும் வருகிறதா, இந்த மூன்றையும் பிரிப்பதுதான் பாதி வேலை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு: ஸ்டியரிங்கைத் திருப்பும்போதா, பிரேக் போடும்போதா, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா விடும்போதா, காலியாகப் போகும்போதா லோடோடு போகும்போதா, காலையில் குளிர்ந்த வண்டியிலா அரை மணி நேரம் ஓடிய பிறகா, மழை பெய்தால் கூடுகிறதா குறைகிறதா. ஒரு தாளில் எழுதுங்கள். மனதில் வைத்துக்கொண்டால் இரண்டாம் நாளே நமக்குப் பிடித்த காரணத்துக்குத் தகுந்த மாதிரி நினைவு வளைந்துகொடுக்க ஆரம்பித்துவிடும், எனக்கு அப்படித்தான் ஆனது.

இன்ஜினா, சக்கரமா என்று எப்படிப் பிரிப்பது?

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதித்துப் பாருங்கள். சத்தம் நின்ற இடத்திலேயே வந்தால் அது இன்ஜின், கியர் பாக்ஸின் முன்பகுதி, சைலன்சர், இவற்றைத் தாங்கும் மவுண்டுகள், இப்படி ஏதோ ஒன்று. சக்கரம், புரொப்பல்லர் ஷாஃப்ட் (கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்கு விசையைக் கொண்டுபோகும் நீண்ட தண்டு), பின் ஆக்சில் எல்லாம் ஒரே அடியில் பட்டியலிலிருந்து வெளியே போய்விடும்.

நின்ற இடத்தில் வரவில்லை என்றால், ஆளில்லாத நேரான சாலையில் சத்தம் வரும் வேகத்துக்குப் போய், சில நொடி நியூட்ரலுக்கு மாற்றுங்கள். இன்ஜின் வேகம் விழுந்தும் சத்தம் அதே வேகத்தில் தொடர்ந்தால் அது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற பாகம். நியூட்ரலுக்குப் போனதும் நின்றுவிட்டால் இன்ஜின் பக்கமாகவும் இருக்கலாம், இழுவிசை இருக்கும்போது மட்டும் கத்துகிற ஒரு யூ ஜாயிண்டாகவோ (ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் மடங்கும் மூட்டு) டிஃபரன்ஷியலாகவோகூட (பின் ஆக்சிலின் நடுவே விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் கியர் பெட்டி) இருக்கலாம். எக்காரணம் கொண்டும் ஓடும் வண்டியில் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துச் சோதிக்காதீர்கள். ஸ்டியரிங் கனத்துப் போகும், ஒருசில வண்டிகளில் பூட்டிக்கொள்ளும், பிரேக்கும் ஓரிரு மிதிக்கு மேல் கல்லாகிவிடும்.

"டிக் டிக்" என்று சீராக வருகிறது. எது சுற்றுகிறது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு, எண்ணிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான சோதனை கிடையாது, ஆனால் பலர் செய்வதில்லை. 265/70 ஆர் 16 அளவு டயரை எடுத்துக்கொள்வோம், பிக்கப்புகளில் சகஜமான அளவு. அதன் சுற்றளவு சுமார் 2.44 மீட்டர். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஒரு சுற்றுக்குச் சற்று மேல், 10 நொடியில் 11 சுற்று சுற்றும். பின் ஆக்சிலின் விகிதம் 4.1 என்றால், சக்கரம் ஒருமுறை சுற்றும் நேரத்தில் புரொப்பல்லர் ஷாஃப்ட் நான்கு முறைக்கு மேல் சுற்றிவிடும், அதாவது அதே 10 நொடியில் 46 தடவை. இப்போது அந்த வேகத்தில் ஊர்ந்துகொண்டே "டிக்"குகளை எண்ணுங்கள். 11 வந்தால் சக்கரம், டயர், பிரேக் டிஸ்க், டிரம் பக்கம் பாருங்கள். எண்ணவே முடியாமல் வேகமாக அடித்தால் ஷாஃப்ட் பக்கம் போங்கள். போனில் பதிவு செய்து மெதுவாக ஓடவிட்டால் எண்ணுவது இன்னும் சுலபம்.

11 வந்தது என்றால் பயப்படுவதற்கு முன்பு டயர் பள்ளங்களைப் பாருங்கள். ஒரு சிறு கல்லோ ஆணியோ செருகியிருக்கும். அந்த "டிக் டிக்"குக்காக வீல் பேரிங் மாற்றியவர்கள் இருக்கிறார்கள். ஆணியாக இருந்தால் அங்கேயே பிடுங்கிவிடாதீர்கள், காற்று இறங்கிவிடும்.

சத்தத்தின் தன்மையை வைத்தே சொல்ல முடியாதா?

ஓரளவுக்கு முடியும், அதற்கு நம் மொழியில் வார்த்தைப் பஞ்சமே இல்லை. பள்ளிக்கூடத்தில் இரட்டைக்கிளவி என்று மனப்பாடம் செய்ததெல்லாம் இங்கேதான் உதவுகிறது. "கடகட" என்றால் பெரும்பாலும் தளர்ந்துபோன தகடு. "கிறீச் கிறீச்" என்றால் காய்ந்துபோன ரப்பரோ இரும்போ உரசுகிறது. "டொக்" என்று ஒற்றையாக வந்தால் ஏதோ ஒரு மூட்டில் இடைவெளி விழுந்து, அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தாவுகிறது. "உய்ங்" என்று நீளமாக ஊளையிட்டால் கியர் பற்கள், "உர்ர்" என்று உறுமினால் பேரிங் அல்லது டயர். "கரகர" என்றால் இரும்பை இரும்பு தின்றுகொண்டிருக்கிறது, உடனே பாருங்கள். மெக்கானிக்கிடம் சொல்லும்போதும் "ஒரு மாதிரி சத்தம்" என்று சொல்லாமல் வாயாலேயே அதைச் செய்து காட்டுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

நின்றுகொண்டிருக்கும்போதே கடகடவென்று ஒரு அதிர்வு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்தால் நின்றுவிடுகிறது. என்ன அது?

முதல் சந்தேகம் ஹீட் ஷீல்ட். சைலன்சர் குழாயின் சூடு தரைக்கும் டேங்குக்கும் போகாமல் தடுக்க மாட்டியிருக்கும் மெல்லிய தகடு அது. அதன் போல்ட் துருப்பிடித்து ஒரு பக்கம் கழன்றால், இன்ஜினின் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் தகடு துடிக்கும், வேகம் மாறியதும் அடங்கிவிடும். வண்டி நன்றாகக் குளிர்ந்த பிறகு கையை முட்டியாக்கித் தட்டிப் பாருங்கள், குற்றவாளி உடனே குரல் கொடுப்பான். பெரிய ஹோஸ் கிளிப் ஒன்றை எடுத்துக் குழாயோடு சேர்த்துச் சுற்றி இறுக்கினால் வருடக்கணக்கில் தாங்கும். சத்தம் தொல்லை என்று தகட்டையே பிய்த்து எறிகிறவர்கள் உண்டு, அதை மட்டும் செய்யாதீர்கள். காய்ந்த புல்லின்மேல் வண்டியை நிறுத்தும் ஒருநாள் அது ஏன் இருந்தது என்று தெரியவரும்.

தகடு எல்லாம் இறுக்கமாக இருந்தும் கடகட நிற்கவில்லை என்றால், ரப்பர் சுத்தியலால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை (சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் டப்பா) லேசாகத் தட்டுங்கள். தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கிய மாதிரி கேட்டால் உள்ளே இருக்கும் தேன்கூடு உடைந்திருக்கிறது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் "டப் டப்" என்று அடித்து, சூடானதும் குறையும் சத்தம் வேறு ரகம். சைலன்சர் இணைப்பில் எங்கோ ஒரு கசிவு, இரும்பு சூட்டில் விரிந்ததும் ஓட்டை மூடிக்கொள்கிறது. அந்தப் புகை கேபினுக்குள் வந்தால் ஆபத்து, தள்ளிப்போடாதீர்கள்.

டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது, அல்லது வண்டி கிளம்பும்போது, அடியில் "டொக்" என்று ஒரு அடி. கியர் பாக்ஸ் போய்விட்டதா?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். இன்ஜினிலிருந்து பின் சக்கரம் வரை விசை போகும் பாதையில் எங்கோ இடைவெளி இருக்கிறது, விசையின் திசை மாறும்போது அது மூடிக்கொள்ளும் சத்தம் இது. அதிகம் மாட்டுவது யூ ஜாயிண்ட். சமதரையில் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் கட்டை கொடுத்து, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைத்துவிட்டு, ஷாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ஷாஃப்ட் முழுதாகக் கொஞ்சம் திரும்புவது சரிதான், டிஃபரன்ஷியல் பற்களுக்கு நடுவே இடைவெளி இருந்துதான் ஆக வேண்டும். யூ ஜாயிண்டின் ஒரு பக்கம் திரும்பி மறுபக்கம் சும்மா இருந்தாலோ, மேலும் கீழும் ஆடினாலோ அதை மாற்ற வேண்டும். கண்ணுக்கே தெரியும் அடையாளம் ஒன்று உண்டு: ஜாயிண்டின் மூடியைச் சுற்றிக் காவி நிறத்தில் மெல்லிய துருப்பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். மெதுவாகப் போகும்போது எலி மாதிரி "கீச் கீச்" என்று வருவதும் பெரும்பாலும் இதேதான், அது "டொக்"குக்கு முந்தைய கட்டம்.

ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும் வண்டியில் நடுவே ஒரு சென்டர் பேரிங் தொங்கும். அதைப் பிடித்திருக்கும் ரப்பர் கிழிந்தால் கிளம்பும்போது அடியில் ஒரு நடுக்கமும் உறுமலும் வரும், வேகம் எடுத்ததும் காணாமல் போகும்.

நின்று கிளம்பும்போது மட்டும் ஒரே ஒரு "டக்" என்றால், ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் ஸ்ப்லைன் பகுதியில் (ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் வரிப்பள்ளங்கள்) கிரீஸ் இல்லை. சில வண்டிகளில் கிரீஸ் நிப்பிள் இருக்கும், இரண்டு பம்ப் அடித்தால் போதும். பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவைக் காய்ந்த தார்ச்சாலையில் போட்டுக்கொண்டு திரும்பினால் வரும் "டக் டக்" பழுது இல்லை, தவறான உபயோகம். முன் பின் ஷாஃப்ட்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

காலியாகப் போகும்போது பின்னால் கிறீச் கிறீச் என்கிறது, லோடு ஏற்றினால் இல்லை. ஸ்பிரிங்கா?

பெரும்பாலும் ஆமாம். பட்டை ஸ்பிரிங்கின் இலைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும் முனைகளில் சின்ன பிளாஸ்டிக் பட்டைகள் வைத்திருப்பார்கள், அவை தேய்ந்து விழுந்தால் இரும்பும் இரும்பும் நேரடியாக உரசும். ஸ்பிரிங்கின் முனையைச் சட்டத்தோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்ஷும் இதே குரலில் கத்தும். எது என்று பிரிக்கத் தண்ணீர் போதும். ஒருவர் பின் பம்பரில் ஏறி நின்று குலுக்கட்டும், நீங்கள் ஒரு புட்டித் தண்ணீரை ஒவ்வொரு இடமாகப் பீய்ச்சுங்கள். எந்த இடம் நனைந்ததும் சத்தம் சில நொடி அடங்குகிறதோ அதுதான். கண்டுபிடித்த சந்தோஷத்தில் அங்கே சாதாரண கிரீஸையோ இன்ஜின் ஆயிலையோ பூசிவிடாதீர்கள், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி உப்பிப்போகும். ரப்பருக்கு சிலிகான் கிரீஸ்தான்.

யூ போல்ட்களை இங்கே கட்டாயம் பாருங்கள். ஸ்பிரிங்கையும் ஆக்சிலையும் சேர்த்துக் கட்டியிருப்பவை அவைதான். தளர்ந்தால் கிளம்பும்போதும் பிரேக் போடும்போதும் கனமாக ஒரு "டொக்" கேட்கும், ஆக்சில் தன் இடத்தை விட்டு நகரவும் கூடும். அவிழ்த்த யூ போல்ட்டைத் திரும்பப் போடாமல் புதிதாகப் போடுவதுதான் முறை, கொஞ்ச தூரம் ஓடிய பிறகு மறுபடி இறுக்கவும் வேண்டும். லோடு ஏற்றியதும் "டக்" என்று ஒரு சத்தம் வந்தால், அடியில் தனியாக இருக்கும் தடித்த இலை வேலைக்கு வருகிறது. சில வண்டிகளில் அது இயல்பு.

வேகமாகப் போகும்போது உறுமல். டயரா, வீல் பேரிங்கா, டிஃபரன்ஷியலா?

இது மூன்று பேர் ஒரே குரலில் பேசுகிற விவகாரம், ஆனாலும் பிரிக்கலாம். சாலை மாறும்போது, கரடான தாரிலிருந்து வழவழப்பான தளத்துக்கு வரும்போது, உறுமலின் குரல் மாறினால் அது டயர். டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்து இரண்டு திசையிலும் தடவுங்கள். ஒரு திசையில் வழவழவென்றும் மறுதிசையில் ரம்பப் பல் மாதிரியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். முன் டயர்களைப் பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டினால் சத்தமும் இடம் மாறும்.

பேரிங் சாலையைப் பற்றிக் கவலைப்படாது, எடையைப் பற்றித்தான் கவலைப்படும். வலது பக்கம் வளையும்போது எடை இடது சக்கரங்களில் ஏறும், இடது பேரிங் கெட்டிருந்தால் அப்போது உறுமல் கூடும். இடது பக்கம் வளையும்போது நேர் எதிர். 20 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதிக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (தொடாதீர்கள், சுடும்), ஒன்று மட்டும் தனியாகக் கொதித்தால் அங்கே பேரிங்கோ, விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக்கோ இருக்கிறது.

டிஃபரன்ஷியல் ஆக்சிலரேட்டருக்குப் பதில் சொல்லும். மிதித்தால் ஊளை, விட்டால் அமைதி, அல்லது அப்படியே தலைகீழ். உடனே ஆயில் அளவைப் பாருங்கள், பினியன் சீலில் (ஷாஃப்ட் டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) கசிந்து ஆயில் குறைந்துபோய்க் கத்துகிற ஆக்சில்கள் நிறைய. வடிக்கும் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறக் குழம்பு மாதிரி ஒட்டியிருப்பது சகஜம்தான். துண்டு துண்டாக இரும்பு ஒட்டியிருந்தால் அது பல்லோ பேரிங்கோ உதிர்ந்தது, மேலே ஓட்டாதீர்கள்.

பிரேக் பக்கம் சர்ர் என்று ஒரு உரசல். பேட் தேய்ந்துவிட்டதா?

இருக்கலாம். பேடில் தேய்மானம் காட்டும் சின்னத் தகடு டிஸ்க்கைத் தொட்டால் கீச்சென்று வரும், பிரேக்கை மிதித்ததும் நிற்கும் அல்லது குரல் மாறும். ஆனால் மண் பாதையில் போய் வந்த மறுநாள் திடீரென்று ஆரம்பித்த உரசல் என்றால் டிஸ்க்குக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய மறைப்புத் தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே ஒரு பொடிக்கல் மாட்டியிருக்கும். பத்தடி ரிவர்ஸ் எடுத்தாலே சில நேரம் விழுந்துவிடும். விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றித் தகட்டை விரலால் லேசாக வளைத்து விடுங்கள்.

ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் வருகிறது.

முழுக்க ஒடித்து மெதுவாகப் போகும்போது "கடக் கடக்" என்றால் முன் ஆக்சிலின் சிவி ஜாயிண்ட் (திரும்பும் சக்கரத்துக்கும் விசையைக் கொண்டுபோகும் மூட்டு). அதன் ரப்பர் உறை கிழிந்து சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கிரீஸ் தெறித்திருக்கும், பார்த்தாலே தெரியும். நின்ற இடத்தில் திருப்பும்போது "டொக்" என்றால் பால் ஜாயிண்ட் (முன் சக்கரம் திரும்பவும் ஏறி இறங்கவும் விடும் குண்டு மூட்டு), மேடு பள்ளத்தில் "டக டக" என்றால் ஸ்டெபிலைசர் லிங்க் (வண்டி சாயாமல் தடுக்கும் கம்பியை இணைக்கும் சின்னத் தண்டு). முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பேரிங், பால் ஜாயிண்ட் ஆட்டம் தெரியும். இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் ஸ்டியரிங் ராடுகளின் ஆட்டம் தெரியும்.

அடியில் போய்ப் பார்க்கும்போது என்ன கவனம் வேண்டும்?

பிக்கப் உயரமான வண்டி. பல நேரம் தூக்காமலே அடியில் நுழைய முடியும், முடிந்தால் அப்படியே பாருங்கள். தூக்கத்தான் வேண்டும் என்றால் ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகக் கூடாது, எடைக்குத் தகுந்த ஜாக்கி ஸ்டாண்ட் சட்டத்துக்கு அடியில் இருக்க வேண்டும். செங்கல்லையோ சிமெண்ட் கல்லையோ வைத்துவிட்டுப் போகாதீர்கள், அவை எச்சரிக்கை இல்லாமல் பொடிந்துபோகும். ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும், அதனால் பின்னால் தூக்கினால் வண்டியைப் பிடிக்க எதுவும் இல்லை, முன் சக்கரங்களுக்குக் கட்டை கட்டாயம். பின்னால் ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கியிருக்கும்போது கியரையும் நம்பாதீர்கள், டிஃபரன்ஷியல் தூக்கிய சக்கரத்தைச் சும்மா சுற்றவிட்டு வண்டியை உருள அனுமதித்துவிடும்.

சைலன்சர் ஆறும்வரை காத்திருங்கள். மூடிய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சத்தம் கேட்காதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இன்னொருவர் கியர் போட்டுச் சக்கரத்தைச் சுற்ற வைக்க, நீங்கள் அடியில் படுத்திருக்கும் யோசனை வந்தால் எழுந்து வீட்டுக்குள் போய்விடுங்கள். சுற்றும் ஷாஃப்ட் சட்டை நுனியைப் பிடித்தால் விடாது.

அடியில் என்ன தேடுவது என்று கேட்டால், சத்தத்தைத் தேடாதீர்கள், தடயத்தைத் தேடுங்கள். அழுக்குக்கு நடுவே ஒரு இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால் அங்கே ஏதோ மோதுகிறது. போல்ட் தலையிலிருந்து காவி நிறத்தில் ஒரு கோடு ஒழுகியிருந்தால் அந்த போல்ட் அசைகிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தால் இவை நன்றாகத் தெரியும். அப்புறம் ரப்பர் சுத்தியலால் முன்னிருந்து பின்வரை எல்லாவற்றையும் தட்டிக்கொண்டே போங்கள், ஹேண்ட் பிரேக் கேபிள், டேங்கின் பட்டை, ஸ்டெப்னி உட்பட.

ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஏதாவது கருவி வேண்டுமா?

நீளமான ஸ்க்ரூடிரைவரே போதும். இன்ஜின் ஓடும்போது, சுற்றாத பாகத்தின் மேல் முனையை வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினால் உள்ளே நடப்பது தெளிவாகக் கேட்கும். வண்டி ஓடும்போது கேட்க, சட்டத்தில் கிளிப் போட்டு மாட்டும் சின்ன மைக்குகள் ஒரு செட்டாகக் கிடைக்கின்றன. நான்கைந்து இடத்தில் மாட்டி, கேபினில் உட்கார்ந்தபடி ஒவ்வொன்றாக மாற்றிக் கேட்கலாம். தொடர்ந்து வேலை செய்கிறவர்களுக்குச் சரி. ஒரே ஒரு சத்தத்துக்காக வாங்குவதைவிட, ஜன்னலைத் திறந்துவிட்டு நீண்ட மதில் ஒன்றை ஒட்டி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மதில் சத்தத்தைத் திருப்பி அனுப்பும், இடமா வலமா என்பதாவது தெரிந்துவிடும்.

வண்டியை அணைத்த பிறகும் அடியில் சத்தம் வருகிறதே?

"டிங் டிங்" என்று இடைவெளி விட்டு வருவது சைலன்சர் குளிர்ந்து சுருங்குவது. சில வண்டிகளில் அணைத்துப் பல மணி நேரம் கழித்து, நடு ராத்திரியில்கூட, டேங்க் பக்கம் ஒரு சின்ன மோட்டார் ஓடும். பெட்ரோல் ஆவி எங்காவது கசிகிறதா என்று வண்டியே சோதித்துக்கொள்கிறது. டீசல் வண்டியில் புகை வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துக்கொண்டிருக்கும்போது அணைத்துவிட்டால் ஃபேன் மட்டும் கொஞ்ச நேரம் சுற்றும். ஸ்டார்ட் செய்து முதன்முதலாக நகரும்போது ஒரே ஒரு "டக்" கேட்பது ஏபிஎஸ்ஸின் சுயபரிசோதனை. இதற்கெல்லாம் காசு செலவழிக்காதீர்கள். "மியாவ்" என்று வந்தால் மட்டும் ஸ்டார்ட் செய்யாமல் இறங்கிப் பாருங்கள்.

எந்தச் சத்தத்தோடு ஓட்டவே கூடாது?

டயர் மாற்றிய பிறகு புதிதாக வரும் சீரான தட்டல், சக்கரம் ஆடுவது மாதிரி உணர்வு: அங்கேயே ஓரம் கட்டி வீல் நட்டுகளை இறுக்குங்கள். டயர் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை மறுபடி இறுக்கிப் பார்ப்பது நல்லது. பிரேக்கில் "கரகர", அதிர்வோடு சேர்ந்த ஷாஃப்ட் சத்தம், கையால் ஆட்டினால் ஆடும் பால் ஜாயிண்ட், பெட்ரோல் வாடையோடு வரும் எந்தச் சத்தமும் இந்த வகைதான். ஷாஃப்டின் முன்முனை ஓட்டத்தில் கழன்று தரையில் குத்தினால் என்ன ஆகும் என்று நான் விவரிக்கத் தேவையில்லை.

மெக்கானிக்கிடம் போனால் சத்தம் வருவதே இல்லை. என்ன செய்வது?

எல்லா வண்டியும் அப்படித்தான். எழுதிவைத்த தாளையும் பதிவையும் கொண்டுபோங்கள், சத்தம் எந்த நிலையில் வருகிறதோ அதே நிலையில் வண்டியை விடுங்கள். காலையில் மட்டும் வரும் என்றால் முந்தைய இரவே விட்டுவிடுங்கள். அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் நீங்கள் உட்காருங்கள், "இதோ, இதுதான்" என்று கை காட்டும்வரை எந்தப் பாகத்தையும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். கண்டுபிடிப்பதற்குத் தனியாகக் கூலி கேட்டால் பேரம் பேசாமல் கொடுங்கள், ஊகத்தில் மாற்றும் பாகங்களைவிட அது குறைவாகத்தான் இருக்கும். ஷாக் அப்சார்பர் வாங்கிய அனுபவத்தில் சொல்கிறேன்.

சத்தம் தானாகவே நின்றுவிட்டது. விட்டுவிடலாமா?

தேய்ந்ததும் தளர்ந்ததும் தானாக இறுகிக்கொள்வதில்லை. நின்றது என்றால் கல் விழுந்திருக்கலாம், அது நல்ல செய்தி. அல்லது சத்தம் போட்டுக்கொண்டிருந்த பாகமே விழுந்திருக்கலாம். குனிந்து ஹீட் ஷீல்ட், அடித்தட்டு, ஸ்டெபிலைசர் லிங்க் எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே பின்னால் போய் ஸ்டெப்னி இருக்கிறதா என்றும்.